ஆறு இரவல் கதவுகள்

சாவியம்மா என்று அவளுக்குப் பேர் வைத்தது யாரென்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு பேரைச் சொல்வார்கள். வைத்தது அவள் நாத்தனார்தான். புருஷனுடைய கடைசித் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் இரண்டாம் வருஷமே ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாகத் திரும்பி வந்து, அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டவள். கொண்டுவந்த சாமான் கொஞ்சம்தான், வாய் மட்டும் வண்டி நிறைய.

தெருக்கோடியில் பத்து அறை கக்கூஸ் ஒன்று உண்டு. பெண்களுக்கு ஐந்து, ஆண்களுக்கு ஐந்து. யாரோ புண்ணியவான்கள் பணம் போட்டுக் கட்டி, சுவரில் கல் பதித்து, அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். ஒற்றை அறை வீடுகள் நாற்பத்திரண்டு, ஆட்கள் இருநூற்றுச் சொச்சம், எல்லாருக்கும் அது ஒன்றுதான். சந்தைக்கு வருகிறவர்களெல்லாம் உள்ளே நுழைகிறார்கள் என்று வாசலுக்கு ஒரு கம்பிக்கதவும் பூட்டும் போட்டார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, பத்து வீட்டில் பாத்திரம் தேய்த்து முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்திருந்த இவள் கையை நீட்டினாள்.

"பாருங்கடி, எங்கண்ணிக்கு மாளிகைச் சாவி கிடைச்சிருச்சு" என்றாள் நாத்தனார். அன்றிலிருந்து சாவியம்மா.

கேலிக்கு வைத்த பேரை அவள் மெய்யாகவே எடுத்துக்கொண்டாள். விடியும்போதே துடைப்பமும் வாளியுமாகப் போய்விடுவாள். ஆளுக்கு ஒரு காசு வாங்கி, அதில் பினாயில், சோப்பு, துடைப்பம் வாங்குவாள். மிஞ்சினது அவளுக்கு. மிஞ்சின நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கை கழுவாமல் வெளியே வருகிறவர்களைத் திருப்பி உள்ளே அனுப்புவாள். அவள் புருஷன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், வாய் பேசாத மனுஷர். அவரையே ஒருநாள் நாலு பேர் பார்க்க, "கையைக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டாள்.

அவள் எவ்வளவு தேய்த்தாலும் கட்டடம் கட்டடத்தின் வேலையைப் பார்த்தது. ஈரத்தில் ஊறி ஆறு கதவு உளுத்து விழுந்தது. தண்ணி ஏற்றுகிற மோட்டாரின் காயில் கருகிப்போய், வாரம் இரண்டு தரம் வரும் தண்ணி வண்டியே கதி என்றாயிற்று. கழிவுத் தொட்டி மூடியில் குறுக்கே விரல் போகிற அளவு விரிசல். ஏழு மாசத்துக்கு ஒரு தரம் தொட்டி நிறையும். லாரி வைத்து இறைக்க ஆகிற செலவுக்கு அந்தத் தெருவில் எந்த மாசமும் நல்ல மாசம் இல்லை.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. இந்த மாதிரி இடங்களுக்குப் பணம் கொடுக்கிற ஒரு டிரஸ்டிலிருந்து ஆள் வந்து பார்க்கப்போகிறார்கள், பார்த்துப் பிடித்தால் எல்லாவற்றையும் சரி செய்ய நிதி தருவார்கள் என்று தெருச் சங்கத் தலைவர் தையல்காரர் சொன்னார். தேதியைச் சொல்ல டிரஸ்டின் குமாஸ்தா ஒருவர் வந்தார். வந்த நேரம் கம்பிக்கதவருகே சாவியம்மா மட்டும்தான் இருந்தாள்.

"அம்மா, ஒண்ணு மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. இருக்கிறபடியே காட்டுங்க. எதையும் தொட வேண்டாம். குறை என்னன்னு பாக்கத்தான் மேடம் வர்றாங்க" என்றார்.

"சொல்லிடறேங்க" என்றாள்.

சொல்லவில்லை. மறந்தெல்லாம் போகவில்லை. சொல்லக் கூடாதென்றே விட்டுவிட்டாள். குமாஸ்தா போனபிறகு திரும்பி அந்தப் பத்து அறையையும் ஒரு பார்வை பார்த்தாள். கதவில்லாத ஆறு வாசல், பல் போன வாய் மாதிரி. இதைப் பார்த்து அந்த மேடம் மூக்கைப் பொத்துவாள். பொத்திக்கொண்டு, இதைப் பார்த்துக்கொள்கிறது யார் என்று கேட்பாள். நாற்பத்திரண்டு வீடும் இவளை நோக்கிக் கையைக் காட்டும். அதை நினைக்கவே அவளுக்குக் காது சுட்டது. அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்த்த காலமெல்லாம் 'இது சரியாப் போகல' என்று ஒருத்தி சொல்லக் கேட்டதில்லை அவள்.

சாயங்காலம் தையல்காரர் கேட்டார். "ஆபீஸ்காரர் வந்தாராமே, என்ன சொன்னார்?"

"வெள்ளிக்கிழமை வர்றாங்களாம். நல்லபடியா வெச்சிருக்கச் சொன்னார்."

இந்த ஒரு வாக்கியம்தான். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் இதுதான் விதை.

தெரு முழுக்க வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. கதவுக்கு என்ன செய்வது என்றபோது யோசனை சொன்னவளும் சாவியம்மாதான். "ஆறு வீட்டுக் கதவைக் கழட்டிக் குடுங்க. ஒரு நாளைக்குத்தானே? மாட்டிட்டுத் திரும்பக் குடுத்துடலாம்." முதல் கதவாகத் தன் வீட்டுக் கதவையே கொடுத்தாள். நீலக் கதவு, மேல் மூலையில் பெயின்ட் உரிந்து வாத்து மாதிரி ஒரு வடிவம்.

தச்சர் அவளுக்குக் கொழுந்தன் முறை, புருஷனின் சித்தப்பா மகன். அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அண்ணி, வீட்டுக் கதவு அகலம். இந்த நிலைக்குள்ள போகாது. ரெண்டு விரல் அறுத்தாத்தான் உண்டு."

"அறுங்க."

"திரும்ப வீட்டுல மாட்டினா இடுக்கு விழுமே?"

"பணம் வந்தா இடுக்கெல்லாம் ஒரு பெருசா? அறுங்க, சொல்றேன்."

ஆறு கதவிலும் இரண்டிரண்டு விரல் அறுத்து மாட்டினார்கள். ஆறு வீட்டு வாசலில் போர்வை தொங்கியது. தொட்டி நிறைந்திருந்ததால் இரண்டு நாள் யாரும் உள்ளே போகக் கூடாது என்று பூட்டிவிட்டாள். ஆண்கள் அவரவர் வேலை பார்க்கிற இடத்தில் சமாளித்தார்கள். பெண்கள் பட்ட பாட்டை எழுத வேண்டாம். "எங்கண்ணி மாளிகைய அடைச்சுட்டா, ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் திரியுது" என்று நாத்தனார் வாசலில் நின்று நாட்டியமாடிக் காட்டினாள். தொட்டி மூடியின் விரிசல் மேல் வரிசையாக ஒன்பது பூந்தொட்டி வைத்தார்கள். அதுவும் சாவியம்மா கைவேலைதான்.

வெள்ளிக்கிழமை கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தார். பொறுமையான முகம். மூக்கைப் பொத்தவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார், எழுதிக்கொண்டார். பூந்தொட்டிகளைப் பார்த்துச் சிரித்து, போட்டோ எடுத்தார். "யார் பாத்துக்கிறாங்க?" என்று கேட்டார். நாற்பத்திரண்டு வீடும் இவள் பக்கம் கையைக் காட்டியது. "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்று அவள் ஈரக் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவள் கால் தரையில் படவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தையல்காரர் இரண்டு தரம் படித்தார். மக்களே சிறப்பாகப் பராமரித்து வருவதால் இப்போதைக்கு உதவி தேவைப்படவில்லை, இதைவிட மோசமான நிலையில் உள்ள வேறொரு பகுதிக்கு நிதி ஒதுக்கப்படுகிறது.

தெரு கொதித்தது. "கண்ணு தெரியாமத்தான் கண்ணாடி போட்டிருக்கா" என்றாள் ஒருத்தி. "அவ வீட்டுல எட்டு கக்கூஸ் இருக்கும், நம்ம கஷ்டம் அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் இன்னொருத்தி. சாவியம்மாவும் கூட நின்று, "ஆமா, கண்ணுல என்ன பூ விழுந்திருச்சா?" என்றாள். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கதவுகள் வெள்ளிக்கிழமைக்கு மறுநாளே வீடு திரும்பியிருந்தன. பணம் வராது என்றானதும் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் இடுக்கை மறைக்க ஓரத்தில் மரப்பட்டை வைத்து ஆணி அடித்துக்கொண்டார்கள். சாவியம்மா மட்டும் அடிக்கவில்லை. கொழுந்தன் பட்டையோடு வந்தபோது, "இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள். பழந்துணியைத் திணித்து வைத்தாள். ஏனென்று புருஷன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

மழை வந்தது. விரிசல் விட்ட மூடி ஒருநாள் உட்கார்ந்துவிட்டது. தொட்டி பொங்கி, பக்கத்தில் புதைத்திருந்த குடிதண்ணீர்க் குழாயில் கலந்துவிட்டது. அது கலந்தது தெரியவே நாலு நாளாயிற்று. அதற்குள் வீட்டுக்கு ஒருவராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். குழந்தைகள் துவண்டு போயின. மூன்று குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நல்லவேளை மூன்றும் பிழைத்தன. கம்பிக்கதவைப் பூட்டி, உள்ளே யாரும் போக முடியாது என்று அட்டை தொங்கவிட்டார்கள். இனி ஒதுங்க வேண்டுமென்றால் தெருவுக்குப் பின்னால், பழைய செங்கல் பள்ளத்து வரப்பில் நடந்து புதர்ப் பக்கம் போக வேண்டும்.

நாத்தனாருக்கும் வயிறு கெட்டிருந்தது. பெண்கள் இருட்டட்டும் என்று அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். அவளால் முடியவில்லை. பட்டப்பகலில், மழைத் தூறலில், வரப்பில் ஓடினவள் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பெரிய டாக்டர், "நடப்பாங்க, ஆனா பழைய நடை வராது" என்றார்.

முன்னறையில் கதவோரமாகக் கட்டில் போட்டார்கள். பாத்திரம் வைத்து எடுப்பது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் சாவியம்மாதான்.

"அண்ணி, இப்ப நீ என் ஒருத்திக்கு மட்டும் சாவியம்மா ஆயிட்டே" என்று வலியிலும் சிரித்தாள் நாத்தனார். "ஒரு காசு தரணுமா?"

"வாயை மூடிட்டுத் திரும்பிப் படு."

"அந்தக் கண்ணாடிக்காரி நல்லா இருப்பாளா? அன்னிக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நான் இப்படிக் கிடப்பேனா? அவ இடுப்பு ஒடிய!"

தினமும் இந்தச் சாபம் விழும். விழும்போதெல்லாம் சாவியம்மா ஈரத்துணியால் அவள் முதுகைத் துடைத்துக்கொண்டிருப்பாள். கை நிற்காது. ஒன்றிரண்டு தரம் வாய்வரைக்கும் வந்தது. 'அவ இல்லடி, நான்' என்று மூன்றே வார்த்தைதான். வரவில்லை. இடுக்கில் திணித்த துணி காற்றுக்கு விழுந்துவிடும். "குளிருது அண்ணி, அந்தச் சித்தப்பா மகன்கிட்டச் சொல்லி ஒரு பட்டை அடிக்கக் கூடாதா?" என்பாள் நாத்தனார். துணியை எடுத்துத் திரும்பத் திணிப்பாள் இவள். நாத்தனாருக்குக் குளிர்ந்ததற்கும் தானே காரணம் என்று தெரிந்துதான் திணித்தாள். அந்த இடுக்கை மூடிவிட்டால் நடந்தது நடக்காதது போல ஆகிவிடுமோ என்று அவளுக்குள் ஒரு பயம்.

அடுத்த வருஷம் டிரஸ்டில் மறுபடி நிதி ஒதுக்குகிறார்கள் என்று தையல்காரர் அலைந்து மனுப் போட்டார். அதே கண்ணாடி அம்மாதான் வருகிறார் என்றார்கள். இந்தத் தரம் தெரு மறுகோடிக்கு ஓடிற்று.

"மிச்சமிருக்கிற நாலு கதவையும் கழட்டிடலாமா?" என்றான் ஒருவன்.

"உங்க வீட்டுக் கூரையையும் பிரிச்சுக் கொண்டாந்து போடு, இன்னும் பாவமா இருக்கும்" என்று தச்சரின் சம்சாரம் கடிந்தாள்.

தையல்காரர் சாவியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க துடைப்பத்தை எடுக்காதீங்க, அது போதும்" என்றார்.

அவள் எடுக்கவில்லை. கம்பிக்கதவருகே, குட்டைச் சுவரில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கிற கை அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

கண்ணாடி அம்மா வந்தார். இந்தத் தரம் மூக்கைப் பொத்தினார். உட்கார்ந்துபோன மூடியை எட்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து போன வருஷத்துப் போட்டோவை எடுத்துத் தையல்காரரிடம் காட்டினார். பத்துக் கதவு, ஒன்பது பூந்தொட்டி.

"ஒரு வருஷத்துல இப்படியா ஆச்சு? என்ன நடந்தது?"

தையல்காரர் மூடியைக் கையால் காட்டினார். "மழைங்க. அப்புறம்... பக்கத்துத் தெருப் பசங்க வந்து கதவெல்லாம் உடைச்சுட்டாங்க."

"நீங்க தடுக்கலயா?"



கண்ணாடி அம்மா போட்டோவைப் பைக்குள் வைத்தார். கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் பேசினார். "என்கிட்ட இருக்கிறது கொஞ்சப் பணம். கேக்கிற இடம் நிறைய. இவ்வளவு நல்லா இருந்ததை ஒரே வருஷத்துல விட்டவங்களுக்குப் போட்டா, அடுத்த வருஷம் அதுவும் இப்படித்தானே ஆகும்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

தெருவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் பேனாவை மூடிப் பையில் செருகப் போனார்.

"நல்லாவே இல்லைங்க" என்றாள் சாவியம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அது என்னிக்குமே நல்லா இல்லைங்க. அன்னிக்கு நீங்க பாத்தது எங்க வீட்டுக் கதவு. ஆறு வீட்டுக் கதவு."

"அக்கா!" என்றார் தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரு தம்பி. உனக்கும் தெரியாதது ஒண்ணு இருக்கு. அந்த ஆபீஸ்காரர் என்கிட்ட, இருக்கிறபடி காட்டுங்க, எதையும் தொடாதீங்கன்னுதான் சொன்னார். நல்லபடியா வெச்சிருக்கச் சொன்னார்னு நான்தான் மாத்திச் சொன்னேன். பாத்துக்கிறவ யாருன்னு கேட்டா என்னைக் காட்டுவீங்களே, அந்த வெக்கத்துல சொன்னேன். இந்தத் தெருவுக்கு வந்த பணத்தைத் திருப்பி அனுப்பினது இவங்க இல்ல. நான்."

கண்ணாடி அம்மா, "ஆறு வீட்டுக் கதவா?" என்று கேட்டார், நம்பாதவர் போல.

"வாங்க, காட்டறேன்."

வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் அடித்திருந்த பட்டையைத் தொட்டுக் காட்டினாள். பச்சைக் கதவில் வெள்ளைப் பட்டை. பழுப்புக் கதவில் தகரப்பெட்டிப் பலகை. அவர் போட்டோவை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். கடைசியாக அவள் வீடு. நீலக் கதவு, மூலையில் உரிந்த வாத்து. போட்டோவிலும் அதே வாத்து. இடுக்கில் துணி.

உள்ளே கட்டிலில் நாத்தனார் படுத்திருந்தாள். கதவு இடுக்கு வழியாகத் தெருவில் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும். வழியெல்லாம் ஜனங்கள் இதையே பேசிக்கொண்டுதான் வந்தார்கள். அவள் அண்ணியையே பார்த்தாள். திட்டவில்லை, கேலியும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உதவிக்கு ஆளில்லாமல் அவள் தானாகத் திரும்பினது அதுதான் முதல் தடவை.

வாசலில் நின்று கண்ணாடி அம்மா போட்டோவை இன்னொரு தரம் பார்த்தார். "அன்னிக்கு நான் ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும். பூவைப் பாத்துட்டுப் போயிட்டேன்" என்றார். பிறகு, "உண்மையில என்ன வேணும், சொல்லுங்க" என்று நோட்டைத் திறந்தார்.

சாவியம்மாவுக்குப் படிப்பு இரண்டாங் கிளாஸ். ஆனால் அந்தக் கட்டடத்தைப் பற்றி அவளைவிடத் தெரிந்தவர் யார்? தொட்டி ஏழு மாசத்தில் நிறையும், மழைக்காலத்தில் ஐந்தே மாசம். மோட்டாருக்கு மேலே கூரை இல்லாததால்தான் காயில் கருகுகிறது. மரக்கதவு ஆகாது, ஈரம் தின்றுவிடும். குடிதண்ணீர்க் குழாயைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போட வேண்டும். "கட்டிக் குடுத்துட்டுக் கல்லுல பேர் போட்டுட்டுப் போயிடாதீங்கம்மா. முன்ன வந்தவங்களும் அப்படித்தான் போனாங்க. கட்டறதுக்கு ஒருநாள்தான் பணம் வேணும். நாறாம இருக்கறதுக்கு மாசாமாசம் வேணும். லாரிக்கும் மோட்டாருக்கும் தேய்க்கிறவளுக்கும் சேத்துப் போடுங்க. நாங்களும் எங்களால ஆனதைப் போடறோம்."

அவர் அத்தனையும் எழுதிக்கொண்டார்.

பணம் வந்தது. கேட்டது முழுக்க வரவில்லை. பத்துக்கு எட்டு அறைதான் சரியாயிற்று. ஆனால் மூன்று வருஷத்துக்கு லாரிக் கூலியும், பார்த்துக்கொள்கிறவளுக்கு மாசச் சம்பளமும் கடிதத்திலேயே எழுதி வந்தது. அந்த வேலையைச் சாவியம்மாவுக்குத் தருவதில்லை என்று சங்கம் முடிவெடுத்தது. பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டவர்கள் அப்படித்தான் கேட்டார்கள், அவள் மறுபேச்சுப் பேசவில்லை. வளையத்திலிருந்து சாவியைக் கழற்றித் தச்சரின் சம்சாரத்திடம் கொடுத்தாள். சாவி போயிற்று, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நாத்தனார் இரண்டு மாசம் பேசவில்லை. துடைத்தால் துடைக்கவிட்டாள், ஊட்டினால் சாப்பிட்டாள், அவ்வளவுதான். அந்த வாய் மூடிக்கிடந்த வீட்டில் இருப்பதைவிட அடி வாங்கலாம் போலிருந்தது சாவியம்மாவுக்கு. ஒருநாள் கொழுந்தனைச் சாவியம்மாவே கூப்பிட்டு, நீலக் கதவுக்குப் பட்டை அடிக்கச் சொன்னாள். ஆணி அடிக்கிற சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கட்டடம் திறந்த அன்று நாத்தனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கைத்தடியைக் காட்டினாள். இவள் எடுத்துக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு வீட்டையும் கடக்க அரை மணி ஆயிற்று. இடது கால் இழுத்தது. அறை வாசலில் அண்ணியின் தோளைப் பிடித்து நின்று, புது பிளாஸ்டிக் கதவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது யார் வீட்டுக் கதவு?"

"யார் வீட்டுதும் இல்ல. இதுக்கே செஞ்சது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி, வெளிய நில்லு. போயிடாதே."

நின்றாள். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தாள் நாத்தனார். தினமும் அந்தத் தடி, அந்த அரை மணி நடை, வாசலில் அதே கேள்வி. சில நாள் சிரித்துக்கொண்டு கேட்பாள், சில நாள் சிரிக்காமல். "இது யார் வீட்டுக் கதவு அண்ணி?" ஒருநாள்கூட மறந்ததில்லை. ஒருநாள்கூட இவளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே, உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும் வரை தோளைச் சுவரில் சாய்க்காமல் நிற்பாள்.